சக்கரம் வந்தது, மண் வரவில்லை: காருகுறிச்சி மண்பாண்டத் தொழில் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவியைத் தாண்டி வீரவநல்லூருக்கு முன்னால் வருகிற ஊர் காருகுறிச்சி. நாகசுரத்தில் ஊறியவர்களுக்கு அது அருணாசலத்தின் ஊர். இந்த வட்டாரத்துச் சமையற்கட்டுகளுக்கு அது சட்டிபானை ஊர். மீன்குழம்புச் சட்டி, பொங்கல் பானை, தண்ணீர்ப் பானை, பூந்தொட்டி, அகல் என்று அங்கே வனைகிற சரக்கு மாவட்டத்துக்குள் நின்றுவிடுவதில்லை. மலையைத் தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது. தொழிலாளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் உண்டு. வீட்டு முற்றமும் தெருவும் குளத்தங்கரையும் சேர்ந்ததுதான் அங்கே தொழிற்சாலை.

இப்படி ஒரு வட்டாரத்தின் கைத்தொழிலைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. கடந்த சில ஆண்டுகளில் மின்சக்கரம் கொடுத்தார்கள், மழைக்கால நிவாரணம் கொடுத்தார்கள், அருங்காட்சியகம் அறிவித்தார்கள், புவிசார் குறியீடு பற்றிப் பேசினார்கள். எதுவும் வீண் அல்ல. ஆனால் தொழில் எங்கே இடறுகிறதோ அந்த இடத்தை இவை தொடவில்லை. குளத்து மண் கிடைக்கிற நாட்கள், சுடாத பச்சைப் பானை காய்கிற இடம், பானைக்கு அடிப்பாகம் தட்டி எடுக்கிற கைகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

அடி தட்டும் வேலை

மண்பாண்டத் தொழில் என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது சுழலும் சக்கரம்தான். சுவரொட்டியிலும் திட்ட அறிக்கையின் அட்டையிலும் அதே படம். ஆனால் ஒரு சமையல் பானையின் வாழ்க்கையில் சக்கரத்துக்குச் சில நிமிடங்கள்தான் பங்கு. அதற்கு முன்னாலும் பின்னாலும் நாட்கணக்கில் வேலை கிடக்கிறது.

குளத்திலிருந்து வந்த மண்ணைக் காயவைத்து, உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஒரே மண் போதாது. பசை மிகுந்த களியை மட்டும் எடுத்தால் காயும்போதே வெடிக்கும். மணல் கூடினால் சக்கரத்தில் எழும்பாது. இரண்டையும் அளவறிந்து கலந்து காலால் மிதித்துப் பதமாக்க வேண்டும். கலவை சரியா என்பது முதலில் காலுக்குத்தான் தெரியும். குதிகாலுக்கு அடியில் ஒரு பொடிக்கல் நெருடினாலும் குனிந்து எடுத்துவிட வேண்டும். அது சுக்கான் கல்லாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, இருந்து தப்பிவிட்டால் பெரிய நஷ்டம். சூளையில் அது வெந்து சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். நன்றாக வெந்து, கடைக்குப் போய் அடுக்கப்பட்ட பானை அங்கே இருந்தபடியே தெறிக்கும். வியாபாரி பழியைச் சூளையின் மேல் போடுவார். பிழை மிதித்த இடத்தில் நடந்தது.

சக்கரத்திலிருந்து இறங்கும் சமையல் பானைக்கு அடி கிடையாது. வாயும் கழுத்தும் முழு உருவம் பெற்றிருக்கும். கீழே தடித்த சுவர் வளையமாக நிற்கும். நூலால் அறுத்தெடுத்து நிழலில் வைக்கிறார்கள். விரல் பதியாமல், தட்டினால் மட்டும் வளைகிற அளவுக்கு இறுகியதும் அடுத்தவர் கைக்கு வருகிறது. அவர் பானையின் உள்ளே ஒரு வழவழப்பான உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார். தட்டத் தட்டத் தடித்த சுவர் மெலிந்து கீழே இறங்கும், வட்டம் குறுகும், கடைசியில் துளை மூடி உருண்டை அடி உண்டாகும். உள்ளே இருக்கும் கல்லும் வெளியே விழும் பலகையும் ஒவ்வொரு அடியிலும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அரை விரல் தள்ளிப்போனால் சுவர் கிழிந்துவிடும். பானைக்குள் பிடித்திருக்கிற கல் கண்ணுக்குத் தெரியாது. ஓசையையும் உள்ளங்கையையும் நம்பித்தான் வேலை.

இதைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். உருண்டை அடி அழகுக்காக வந்ததல்ல. மூலை இல்லாத அடியில் நெருப்பின் சூடு ஒரே சீராகப் பரவும். சட்டி விரிசல் விடாது. தட்டையான அடியுடன் சக்கரத்திலேயே முடித்துவிடுகிற பாத்திரம் பூச்செடிக்கு ஆகும், அடுப்புக்கு அவ்வளவாக ஆகாது. ஆகவே தட்டுகிற கைகள் குறைந்தால் நின்றுபோவது சக்கரம் அல்ல. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து அகலும் தொட்டியும் அலங்காரக் குவளையும் வந்துகொண்டே இருக்கும். முதலில் மறைவது சோறு வேகும் பானை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தொழில் செழிப்பாகத் தெரிகிற அதே காலத்தில் அதன் நடுப்பகுதி போய்விட்டிருக்கும்.

மின்சக்கரத்தை நான் குறை சொல்லவில்லை. மத்திய கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக நாடு முழுவதும் மின்சக்கரங்கள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் கதர் வாரியம் கொடுக்கிறது. கனத்த சக்கரத்தைக் கோலால் சுழற்றித் தோள்பட்டை தேய்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஏற்கெனவே வேகமாக நடக்கிற கட்டத்தைத்தான் அது மேலும் வேகமாக்குகிறது. உடம்பை அதிகம் முறிப்பது மிதிக்கிற வேலை. அதற்கு மண் அரைக்கும் இயந்திரம் தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். அதிகம் பழக்கம் கேட்பது தட்டுகிற வேலை. அதற்கு இயந்திரம் இல்லை. ஆள்தான் வேண்டும்.

மழையும் தையும்

திருக்கார்த்திகைக்கு அகல் விற்க வேண்டும். தைக்குப் பானை விற்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்குப் பானை மட்டும் போதாது. அடுப்பாக வைக்கிற பொங்கல்கட்டியும் மண்ணில் செய்ததே. அதற்குக் காவியும் வெள்ளையும் அடித்து முற்றத்தில் வைத்து, பனையோலை எரித்துப் பொங்கலிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இத்தனைக்கும் வேலை நடக்க வேண்டிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும். வடகிழக்குப் பருவமழை இறங்குகிற மாதங்களும் அவையே. ஆண்டின் பெரிய வியாபாரம் ஆண்டின் பெரிய ஈரத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், சூளைக்குள் போகும் பானையில் நனைவு மிச்சமிருந்தால் அது நீராவியாகிச் சுவரைப் பிளக்கும். அதனால்தான் நன்றாக வெயில் கண்ட பானையையும் சூளையில் முதலில் சிறுதீயில் வைத்து மெல்லத்தான் சூடேற்றுகிறார்கள். களிமண்ணின் உள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேற ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற வேண்டும். அந்த எல்லையைக் கடந்த மண் பிறகு தண்ணீர் பட்டாலும் சேறாகாது. கடக்காதவரை, எத்தனை நாள் உழைப்பு அதில் இருந்தாலும், ஒரு மழையில் அது மீண்டும் களிமண்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. தைப்பொங்கலுக்கு நான்கு வாரம் இருந்த நேரம் அது. திண்ணையிலும் கீற்றுக் கொட்டகையிலும் பானை காயவைக்கிற ஒரு தொழிலுக்கு அப்படிப்பட்ட மழையில் ஒதுங்க இடம் ஏது?

மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கப்படுகிறது. வேலை இல்லாத வாரங்களில் அடுப்பெரிய அந்தப் பணம் வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லவே முடியாது. ஆனால் நிவாரணம் என்பது வேலை நிற்கும் என்று ஒப்புக்கொண்டு தருவது. வேலை நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் விடை எளிது: உயர்ந்த தளமும் கூரையும் உள்ள பொதுக் காயவைப்புக் கூடம், அதை ஒட்டிக் கூரையிட்ட சூளை, சூளையின் வீணாகும் வெப்பத்தைக் கூடத்துக்குத் திருப்பிவிடும் அமைப்பு. செங்கல்லும் தகரமும் தெரிந்த எந்தக் கொத்தனாரும் கட்டக்கூடியது. அதற்கு வேண்டியது ஊருக்குள் ஒரு துண்டு நிலமும், அதை யார் பராமரிப்பது என்கிற தெளிவும்.

எந்தக் குளத்து மண்

கன்னடியன் கால்வாய் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணியில் பிரிந்து, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போகிறது. ஆற்று நீரோடு வந்து குளத்தில் படிகிற மண்தான் இந்தத் தொழிலின் மூலதனம். பத்தமடைக் கோரைப்பாய்க்கும் இதே ஆறுதான் ஆதாரம். ஒரே கால்வாய்க் கரையில் இரண்டு பழைய கைத்தொழில்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நிற்பது தற்செயல் அல்ல.

பிசான நெல் சாகுபடிக்கு மார்ச் இறுதி வரை தண்ணீர் ஓடும். அடுத்த கார் சாகுபடிக்கு ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்துவிடுவார்கள். குளம் வற்றி, வண்டி இறங்குகிற அளவுக்குத் தரை இறுகிக் கிடப்பது இடையில் உள்ள ஏப்ரல், மே மாதங்களில் மட்டும்தான். ஆண்டு முழுவதுக்குமான மண்ணை அதற்குள் எடுத்துக் கரையேற்றி, வீட்டருகே குவித்து மூடிவைக்க வேண்டும். தவறினால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும், அல்லது யாரிடமாவது விலைக்கு வாங்க வேண்டும்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி ஏரி, குளங்களிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் வரை கட்டணமின்றி மண் எடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்த அனுமதியை 2024-இல் வட்டாட்சியர் அளவுக்கு இறக்கினார்கள். நல்ல மாற்றம். அலைச்சலில் பாதி குறைந்தது.

மீதிப் பாதி வேறிடத்தில் இருக்கிறது. மாவட்ட அரசிதழில் இடம்பெற்ற குளங்களில்தான் மண் எடுக்க முடியும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறபோது பார்ப்பது குளத்தின் கொள்ளளவையும் தூர்வார வேண்டிய தேவையையும். பானைக்கு ஏற்ற மண் அங்கே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வயலுக்கு எந்த வண்டலும் உரம்தான். பானைக்கு அப்படி அல்ல. ஒரு குளத்தின் மேற்கு மூலையில் கிடைக்கிற களி கிழக்கு மடைப் பக்கம் கிடைக்காது. மேலே ஓரடி வண்டல், அதன் கீழே பசைமண், அதற்கும் கீழே சரளை என்று அடுக்கடுக்காக இருக்கும். பொக்லைன் இறங்கி எல்லா அடுக்கையும் ஒன்றாக வாரிப்போட்டால் லாரிக்கு லோடு ஆகும், தொழிலாளிக்கு ஒரு கூடை தேறாது. கோப்பில் அனுமதியும் அளவும் சரியாக இருக்கும். கையில் வந்த மண் பானைக்கு உதவாது.

வனைகிற மூத்தவர்களுக்கு எந்தக் குளத்தில் எந்த மூலையில் எந்த ஆழத்தில் எந்த மண் என்பது மனப்பாடம். அது எங்கும் எழுதப்படவில்லை. என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தில் ஆவணப்படுத்த வேண்டிய முதல் மரபு அதுதான். பானையைப் படமெடுக்க எப்போது வேண்டுமானாலும் படமெடுக்கலாம். மண் இருக்கிற இடம் சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் பிறகு யாரைக் கேட்பது?

யார் வாங்குகிறார்கள்

எவர்சில்வரும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்த பின் மண்பானையை யாரும் வாங்குவதில்லை என்று சொல்வது பாதி உண்மை. தினசரிச் சமையலில் அது சுருங்கியது. அதற்கு வெளியே உள்ள சந்தையை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

கொடை விழாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை இந்தச் சீமையில் ஏதாவது ஒரு அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ கொடை நடந்துகொண்டே இருக்கும். தீச்சட்டி, முளைப்பாரி ஓடு, கும்பப் பானை எல்லாம் மண்ணே. வில்லுப்பாட்டுக்குக் குடம் இல்லாமல் வில்லே நிற்காது. பெரிய மண்குடத்தின் கழுத்தில் வில்லைப் பிணைத்துக் கட்டி, அதன் வாயைப் பத்தி என்கிற தட்டையான பட்டையால் அடித்துத் தாளம் கொடுக்கிறார் குடக்காரர். அந்தக் குடத்தைச் சும்மா எடுத்து வாங்கிவிட மாட்டார்கள்; சுண்டிப் பார்த்து, சுவர் ஒரே கனமாக இருக்கிறதா என்று சோதித்து, மணிபோல ஓசை நிற்கிற குடத்தைத்தான் எடுப்பார்கள். அந்த ஓசையைத் தருவது மேலே சொன்ன தட்டுப்பலகைதான். தட்டுகிற கை ஓய்ந்தால் வில்லிசைக்கும் நஷ்டம்.

பனைத் தொழிலுக்குக் கலயம் வேண்டும். உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுகிற கலயத்தில்தான் பதநீர் புளிக்காமல் இறங்கும். தையில் சிறுமிகள் முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டி, குட்டிப் பானையில் பொங்கலிடுகிற சிறுவீட்டுப் பொங்கல் இன்னும் சில தெருக்களில் நடக்கிறது. மாசியில் திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்காலை: 2009-இல் ஏறத்தாழ 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டது கின்னஸ் பதிவானது. அத்தனை பானையில் ஒரு பங்கு தமிழகத் தென்மாவட்டங்களின் சூளைகளிலிருந்தும் போகிறது.

இந்தத் தேவைகளில் எதுவும் கைவினைக் கண்காட்சிச் சந்தையைச் சேர்ந்ததல்ல. இவை ஆண்டுதோறும் தாமாக வருகிறவை, பேரம் பேசுகிறவை, உடைந்தால் மறுபடி வாங்குகிறவை. தொழிலைத் தாங்கி நிற்பவை இவையே. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் மண் அடுப்பும் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் கேட்பதும் இதனால்தான். அதை அரசு ஏற்றால் வருகிற தேவை மிகப் பெரியது. அப்படி ஏற்கிற நாளில் மார்கழி மழையில் அத்தனை பானையைக் காயவைக்க இடம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

புவிசார் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தமடைப் பாய்க்கு அது கிடைத்துப் பல ஆண்டுகள் ஆயிற்று. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் கிடைத்தது. பெயரைத் திருடாமல் காக்க அது உதவும். கோரையையோ களியையோ அது கொண்டுவந்து தராது.

ஆறு ஊர்களின் பாடம்

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற நகரம் ஆறு ஊர்கள் சேர்ந்து 1910-இல் உருவானது. பீங்கான் தொழிலே அதன் உயிர். புட்டி வடிவச் செங்கல் சூளைகள் ஒரு காலத்தில் அங்கே 2,000 வரை இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது மிஞ்சியிருப்பவை 47. 1956-இல் வந்த தூயகாற்றுச் சட்டத்துக்குப் பின் நிலக்கரிச் சூளைகள் அணைந்தன. 1978-இல் பழைய முறையில் கடைசியாக ஒருமுறை சூளை மூட்டினார்கள்; அடுக்கத் தெரிந்தவர்களும் தீ பார்க்கத் தெரிந்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே அந்த அறிவைப் பதிவுசெய்யத்தான்.

அங்கே நடந்தவற்றில் நமக்கு உதவுகிற நிகழ்வு மிடில்போர்ட் ஆலை. 1888-இல் கட்டிய அந்த ஆலை மூடும் நிலைக்கு வந்தபோது 2011-இல் ஓர் அறக்கட்டளை கட்டடத்தை வாங்கிப் பழுதுபார்த்து 2014-இல் திறந்தது. அருங்காட்சியகமாக மட்டும் ஆக்கிவிடவில்லை. அதே கூரையின் கீழ் உற்பத்தி தொடர்கிறது. செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் பதித்து, அதைப் பாத்திரத்தில் ஒட்டிச் சித்திரம் ஏற்றும் பழைய வேலையை இன்றும் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். கூரையைக் காத்தவர்கள் வேலையையும் காத்தார்கள். மாறாக, பீங்கான் பூக்களை இதழ் இதழாக விரலால் செய்கிற வேலை அழிவின் விளிம்பில் உள்ள கைத்தொழில்கள் பட்டியலுக்குப் போய்விட்டது. பிரிவுபட்ட தொழிலில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகவே சாகும் என்பதை ஸ்டோக் காட்டுகிறது. காருகுறிச்சியில் அப்படிச் சாகக்கூடிய பிரிவு அடி தட்டுவது.

அங்கேயும் இங்கேயும் ஒன்றல்ல என்பது தெரியும். அவர்களுடையது பெருமுதலாளிகளின் ஆலைத் தொழில். நம்முடையது குடும்பங்களின் தொழில். அவர்களிடம் மறுபயன்பாட்டுக்குக் கட்டடங்களாவது மிஞ்சின. ஓலைக் கொட்டகை மிஞ்சாது. ஆகவே நமக்கு அவகாசம் இன்னும் குறைவு.

கிழக்கே இருக்கும் தாழிகள்

இதே ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லின் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2004-இல் மீண்டும் அகழ்வு நடந்து நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. மேம்படுத்தப்போவதாக மத்திய அரசு 2020-இல் அறிவித்த ஐந்து தொல்லியல் தலங்களில் இதுவும் ஒன்று. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். தாமிரபரணியின் பழைய பெயரைத் தாங்கிய பொருநை அருங்காட்சியகத்துக்கான அறிவிப்பும் அந்த ஆண்டுதான் வந்தது.

இந்தப் பெருமையில் எனக்கும் முழுப் பங்கு உண்டு. கறுப்பும் சிவப்புமாக ஒரே கலத்தில் இரு நிறம் எடுத்த அந்தச் சூளைக்காரர்களின் அறிவு வியக்கத்தக்கது: காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்றில்லாமல் புகை சூழ்ந்த இடம் கறுக்கும். இன்று கறுப்புச் சட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் சூளையை மூடிப் புகையவிடுகிறவர் செய்வதும் அதே வேலைதான். ஆனால் அருங்காட்சியகத்தின் காட்சிப் பலகைகள் இந்த இரண்டாமவரைப் பற்றிப் பேசாவிட்டால், பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள் பானை செய்தவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். தாழியை விளக்குகிற பலகையில் காருகுறிச்சிக்கும் களக்காட்டுப் பக்கத்து மாவடிக்கும் வழி போட்டு ஒரு வரி எழுதலாம். அருங்காட்சியகக் கடையில் விற்கிற சட்டியை அங்கிருந்தே வாங்கலாம். இரண்டும் ஓர் உத்தரவில் முடிகிற காரியம்.

முதலில் செய்ய வேண்டியவை

கூட்டுறவுச் சங்கமும் மூத்த தொழிலாளர்களும் சேர்ந்து, மண் எடுக்கிற குளங்களை மூலை, ஆழம் வாரியாகக் குறித்து ஒரு மண் வரைபடம் தயாரிக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் அளவெடுக்க உதவலாம். சொல்கிறவர்கள் தொழிலாளர்களாக இருக்க வேண்டும். அதன்படி அரசிதழ்ப் பட்டியலில் குளங்கள் சேர வேண்டும். அந்த மூலைகளில் பொக்லைன் இறங்குவதற்கு முன் தொழிலாளர்களுக்கு எடுக்க உரிமை வேண்டும்.

காயவைப்புக் கூடம் இரண்டாவது. நிலம் ஒதுக்கினால் கட்டுவதற்குத் திட்டங்கள் உண்டு.

அடி தட்டும் வேலைக்குப் பயிற்சி என்றால் பத்து நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது அல்ல. கற்றுக்கொடுக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம், கற்கிறவருக்கு உதவித்தொகை, உடைகிற பானைக்கு ஈடு என்று குறைந்தது ஓராண்டு ஓட வேண்டும். முதல் மாதங்களில் கற்கிறவர் கையில் பானை கிழிந்துகொண்டே இருக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்க எந்தக் குடும்பத்தாலும் முடியாததால்தான் அடுத்த தலைமுறை பலகையைத் தொடாமலே வேறு வேலைக்குப் போகிறது.

இவற்றில் மண் விஷயத்துக்குத்தான் கெடு இருக்கிறது. மார்ச் 31-க்குப் பிறகு குளம் வற்றத் தொடங்கும். ஜூனில் கார்த் தண்ணீர் வந்துவிடும். பட்டியலில் குளத்தைச் சேர்க்கும் மனு தையிலேயே ஆட்சியர் அலுவலகத்துக்கும், மண் எடுக்கும் மனு மாசியில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.